வீட்டு எண் வேறு, வீட்டில் இருப்பவர் வேறு

(அசெம்பிளி மொழியில் மாறிகளின் முகவரி பற்றி ஒரு பாடம்)

தேனியின் அஞ்சல் குறியீட்டு எண் 625531. போடிநாயக்கனூரின் எண் 625513. கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே இடம் மாறியிருக்கின்றன. தேனிக்கு எழுதும் உறையின் மீது 31 என்பதைக் கைதவறி 13 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்கும் எவரும் அதைப் பிழை என்று ஒதுக்க மாட்டார். ஏனெனில் அது பிழையான எண் அன்று. போடியின் சரியான எண். கடிதம் ஒழுங்காகப் போடிக்குப் போய்ச் சேரும். அங்கே பெயரையும் தெருவையும் படித்துப் பார்க்கும் அஞ்சல்காரர் இருப்பதால், தாமதமாகவேனும் அது தேனிக்குத் திரும்பி வரும்.

கணிப்பொறியின் நினைவகத்தில் அப்படிப் படித்துப் பார்க்கும் அஞ்சல்காரர் இல்லை. நாம் ஓர் எண்ணைக் கொடுத்தால் பொறி அந்த இடத்துக்குப் போகும். அங்கே இருப்பதை எடுத்து வரும், அல்லது நாம் கொடுத்ததை அங்கே வைத்துவிட்டு வரும். இடம் சரிதானா என்று அது கேட்பதில்லை. ஆகவே முகவரி எது, அம்முகவரியில் உள்ள பொருள் எது என்று பிரித்தறியும் பொறுப்பு முழுவதும் நிரல் எழுதுபவரையே சார்ந்தது. இதனை மாணவியர்க்கு விளங்குமாறு இக்கட்டுரையில் காண்போம்.

நினைவகம் என்னும் நீண்ட தெரு

ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு முறை நம் நாட்டில் 1972 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1976-இல், இன்டெல் நிறுவனம் 8085 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அது மிகப் பழையது. ஆயினும் எளிமை கருதி, முகவரிப் பாடத்தை அதிலிருந்து தொடங்குவதே நலம்.

8085-இலிருந்து நினைவகத்துக்கு 16 முகவரிக் கம்பிகள் செல்கின்றன. ஒவ்வொரு கம்பியிலும் 0 அல்லது 1 என்னும் குறி மட்டுமே இருக்கலாம். எனவே 16 கம்பிகளால் 65,536 வேறுவேறு முகவரிகளைக் கூறலாம். அதாவது, 65,536 வீடுகள் கொண்ட ஒரே தெரு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண் மட்டுமே தங்க முடியும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டில் இருப்பது ஒரு பைட். ஆனால் வீட்டு எண்ணை எழுத இரண்டு பைட் தேவை. ஆகையால் ஒரு முகவரியையே நினைவகத்தில் குறித்துவைக்க விரும்பினால், அதற்கு அடுத்தடுத்த இரண்டு வீடுகள் வேண்டும்.

முகவரிகளைப் பதினாறடிமான எண்களாக எழுதுவது வழக்கம். இதில் 9-க்குப் பிறகு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்னும் எழுத்துகள் இலக்கங்களாக வரும். 4109-க்கு அடுத்தது 410ஏ. 410எஃப்-க்கு அடுத்தது 4110. முகவரி 4200 என்பது நம் பத்தடிமான வழக்கில் 16,896-ஆம் எண் வீடு.

மூன்று வகையாகச் சொல்லலாம்

அசெம்பிளி மொழியில் ஒரு மதிப்பைப் பெற மூன்று வழிகள் முக்கியமானவை. வீட்டு வழக்கில் அவற்றை இவ்வாறு கூறலாம்:

1. “இந்தா, 5 ரூபாய்.” பொருளே கையில் தரப்படுகிறது.

2. “5-ஆம் எண் வீட்டில் என்ன இருக்கிறதோ, அதை வாங்கி வா.” இடம் சொல்லப்படுகிறது.

3. “இந்தச் சீட்டில் ஒரு வீட்டு எண் எழுதியிருக்கிறது. அந்த வீட்டில் இருப்பதை வாங்கி வா.” இடம் எழுதிய சீட்டு தரப்படுகிறது.

மூன்றிலும் எண் வருகிறது. ஆனால் அந்த எண்ணின் பொருள் மூன்றிலும் வேறு. 8085-இல் இவற்றுக்கு உரிய கட்டளைகள் முறையே இவை:

எம்.வி.ஐ. ஏ, 05 — ஏ என்னும் பதிவகத்தில் 5 என்ற மதிப்பை இடு.

எல்.டி.ஏ. 4200 — 4200 என்னும் முகவரியில் இருப்பதை ஏ பதிவகத்துக்குக் கொண்டுவா.

எம்.ஓ.வி. ஏ, எம் — எச், எல் என்னும் இரு பதிவகங்களிலும் சேர்ந்து எழுதியுள்ள முகவரிக்குப் போய், அங்கே இருப்பதை ஏ பதிவகத்துக்குக் கொண்டுவா.

மூன்றாவதில் வரும் ‘எம்’ தனிப் பதிவகம் அன்று. சீட்டில் உள்ள வீட்டின் உள்ளே இருக்கும் பொருளையே அது குறிக்கும்.

எல்.டி.ஏ. 4200 என்னும் கட்டளை நினைவகத்தில் 3ஏ, 00, 42 என்று மூன்று பைட்டுகளாக அமையும். முகவரியின் கீழ்ப்பாதி 00 முன்னும், மேற்பாதி 42 பின்னும் வருவதைக் காண்க. 8085-இன் ஒழுங்கு அது. இதை மறந்து 3ஏ, 42, 00 என்று பயிற்சிப் பலகையில் தட்டிவிட்டால், பொறி 0042 என்னும் முகவரிக்குப் போய்விடும். தேனிக் கடிதம் போடிக்குப் போவது போன்ற நிலைதான். ஆனால் இக்கடிதம் திரும்பி வராது.

ஒரு பைட் செய்யும் வேறுபாடு

பின்வரும் இரு கட்டளைகளையும் சேர்த்துப் படியுங்கள்.

எல்.எக்ஸ்.ஐ. எச், 4200 — பைட்டுகள்: 21, 00, 42

எல்.எச்.எல்.டி. 4200 — பைட்டுகள்: 2ஏ, 00, 42

முதல் பைட்டைத் தவிர இரண்டும் ஒன்றே. ஆனால் செய்யும் வேலை முற்றிலும் வேறு. முதலாவது, 4200 என்னும் முகவரியையே எச், எல் பதிவகங்களில் எழுதிவைக்கும். அந்த வீட்டுக்கு அது போவதேயில்லை. இரண்டாவது, 4200-ஆம் வீட்டுக்கும் 4201-ஆம் வீட்டுக்கும் போய், அங்கே இருப்பவற்றை எல், எச் பதிவகங்களுக்கு முறையே கொண்டுவரும்.

இவ்வேறுபாட்டைக் காலக் கணக்கிலும் காணலாம். முதல் கட்டளைக்கு 10 கடிகாரத் துடிப்புகள் போதும். இரண்டாவதற்கு 16 தேவை. மிகுதியான 6 துடிப்புகள் எதற்கு? இரண்டு வீடுகளுக்கும் போய் வருவதற்கு. நினைவகத்தை ஒரு முறை படிக்க 3 துடிப்புகள் வீதம், இரு முறைக்கு 6.

4200-இல் 02, 4201-இல் 01 என்று இருப்பதாகக் கொள்வோம். நமக்கு முகவரி தேவைப்படும் இடத்தில், தவறுதலாக இரண்டாம் கட்டளையை எழுதிவிட்டோம் என்றால், சீட்டில் 4200 என்பதற்குப் பதிலாக 0102 என்று எழுதப்பட்டுவிடும். அடுத்து வரும் கட்டளை 0102-ஆம் வீட்டைத் தேடிப் போகும். பெரும்பாலான பயிற்சிப் பலகைகளில் அப்பகுதியில் இருப்பது பலகையை இயக்கும் நிரந்தர நிரல். அந்நிரலின் ஒரு துண்டை எடுத்துவந்து, நம் கணக்கோடு பொறி கூட்டிவிடும். விளக்கு எரியாது, மணி அடிக்காது. விடை மட்டும் தவறாக வரும்.

திராட்சைக் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நம் எல்லோர்க்கும் மகிழ்ச்சி. அதனையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் கூடலூரிலிருந்து 2 லாரி, சுருளிப்பட்டியிலிருந்து 1 லாரி, காமயகவுண்டன்பட்டியிலிருந்து 1 லாரி திராட்சை புறப்பட்டதாக வைத்துக்கொள்வோம். இம்மூன்று எண்களும் 4200, 4201, 4202 என்னும் வீடுகளில் உள்ளன. கூட்டுத்தொகையை 4203-இல் வைக்க வேண்டும். நிரல் இதோ:

4100: எல்.எக்ஸ்.ஐ. எச், 4200
4103: எம்.வி.ஐ. சி, 03
4105: எம்.வி.ஐ. ஏ, 00
4107: ஏ.டி.டி. எம்
4108: ஐ.என்.எக்ஸ். எச்
4109: டி.சி.ஆர். சி
410ஏ: ஜே.என்.இசட். 4107
410டி: எஸ்.டி.ஏ. 4203
4110: எச்.எல்.டி.

முதல் வரி, தொடக்க முகவரியைச் சீட்டில் எழுதுகிறது. இரண்டாம் வரி, ஊர்களின் எண்ணிக்கையைச் சி பதிவகத்தில் இடுகிறது. மூன்றாம் வரி, கூட்டுத்தொகையைச் சுழியாக்குகிறது. 4107-இல் உள்ள வரி, சீட்டில் உள்ள வீட்டின் பொருளைக் கூட்டுகிறது. அடுத்த வரி, சீட்டில் உள்ள முகவரியை ஒன்று கூட்டுகிறது. கவனியுங்கள்: இங்கே கூடுவது லாரியின் எண்ணிக்கை அன்று, வீட்டின் எண். பின்னர் சி பதிவகத்தில் ஒன்று குறைகிறது. அது சுழியாகும் வரை 4107-க்குத் திரும்பிப் போகிறது. முடிவில் 4203-இல் 4 இருக்கும்.

ஒரே கட்டளையால் மூன்று வீடுகளையும் பார்க்க முடிந்தது எப்படி? முகவரியைக் கட்டளைக்குள் நிலையாக எழுதாமல், மாற்றக்கூடிய சீட்டில் எழுதியதால்தான். முந்நூறு ஊர்கள் இருந்தாலும் கட்டளைகள் அநேகமாக இவையே. எண்ணிக்கை வைக்கும் இடத்தையும் கூட்டுத்தொகையின் இடத்தையும் மட்டும் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது நாராயணத்தேவன்பட்டியிலிருந்தும் 1 லாரி வந்துவிட்டது. அதனை அடுத்த வீடான 4203-இல் வைத்து, 03 என்பதை 04 என்று மாற்றி நிரலை ஓட்டுகிறோம். விடை 5. சரியான விடைதான். அதே நிரலை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். விடை 9 என்று வரும். ஏன்? முதல் ஓட்டத்தின் முடிவில், கூட்டுத்தொகையான 5 நான்காம் ஊரின் வீட்டிலேயே வைக்கப்பட்டுவிட்டது. அந்த ஊரின் 1 அழிந்தது. இரண்டாம் ஓட்டத்தில் 2, 1, 1, 5 ஆகியவை கூட்டப்பட்டன. முதல் முறை சரியாகவும் மறுமுறை தவறாகவும் விடை தரும் நிரலைப் போல் நம்மை ஏமாற்றுவது வேறில்லை.

பெயர் சூட்டும் முறை

மேற்கண்ட தொல்லைக்கு மருந்து, வீடுகளுக்குப் பெயர் வைப்பதே. 4200 என்று எழுதாமல் ‘சுமை’ என்றும், 4203 என்று எழுதாமல் ‘மொத்தம்’ என்றும் எழுதலாம். ‘சுமை’ என்னும் பெயரில் எத்தனை எண்களை வரிசையாக வைத்தாலும், ‘மொத்தம்’ அதற்கு அடுத்த வீட்டுக்குத் தானாகவே தள்ளிப்போகும். ‘மொத்தம்’ கழித்தல் ‘சுமை’ என்று எழுதினால் ஊர்களின் எண்ணிக்கையும் கிடைத்துவிடும். 03, 04 என்று கையால் திருத்தும் வேலையும் இல்லை.

பெயர்களை முகவரிகளாக மாற்றுவது அசெம்பிளர் என்னும் மென்பொருளின் பணி. அது நம் நிரலை வழக்கமாக இரு முறை படிக்கும். முதல் முறை, ஒவ்வொரு வரிக்கும் எத்தனை பைட் என்று எண்ணிக்கொண்டே போய், எந்தப் பெயர் எந்த முகவரியில் விழுகிறது என்று ஒரு பட்டியல் எழுதும். இரண்டாம் முறை, பெயர் வரும் இடமெல்லாம் பட்டியலைப் பார்த்து முகவரியை இடும். பின்னால் வரப்போகும் பெயரை முன்னாலேயே பயன்படுத்தினாலும் அது குழம்பாததன் காரணம் இதுவே.

இத்துறையின் தொடக்கத்தில் ஒரு பெண்மணியின் பெயர் இருப்பதை நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டும். லண்டன் பர்க்பெக் கல்லூரியில் பணியாற்றிய கேத்லீன் பிரிட்டன், 1947-இல் ஆண்ட்ரூ பூத்துடன் சேர்ந்து, ஏ.ஆர்.சி. என்னும் கணக்கிடு பொறிக்கான குறிமுறையை விளக்கி ஓர் அறிக்கை எழுதினார். அசெம்பிளி மொழியின் தொடக்கம் அதுவே என்று கூறுவர். 1950-இல் அவ்விருவரும் மணம் புரிந்தனர். கேத்லீன் பூத் 1922-இல் பிறந்து, நூறு வயது நிறைந்து, 2022-இல் மறைந்தார். இக்கதை நம் நாட்டையும் தொடுகிறது. ஆண்ட்ரூ பூத் வகுத்த அமைப்பைத் தழுவி ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் செய்த ஹெச்.இ.சி. வகைப் பொறியே 1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. அப்பொறியின் நினைவகம் சுழலும் காந்த உருளை. அதில் முகவரி என்பது உருளையின் மேல் உண்மையாகவே ஓர் இடம்.

பெயர் வைத்துவிட்டால் குழப்பமெல்லாம் தீர்ந்ததா? இல்லை. ‘மொத்தம்’ என்று எழுதும்போது அந்த வீட்டையா, வீட்டில் உள்ள பொருளையா குறிக்கிறோம் என்னும் கேள்வி நிற்கிறது. 8086 வகைச் செயலிகளுக்கான அசெம்பிளர்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஒன்றில், வெறும் பெயரை எழுதினால் பொருள் என்று கொள்ளும். முகவரி வேண்டுமானால் பெயருக்கு முன் ‘ஆஃப்செட்’ என்று எழுத வேண்டும். மற்றொன்றில், வெறும் பெயர் முகவரியாகும். பொருள் வேண்டுமானால் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். ஒரே வரி இரண்டிலும் இரு பொருள் தரும். எனவே புதிய அசெம்பிளரைக் கையில் எடுத்ததும், முதலில் அறிய வேண்டியது இவ்வழக்கத்தையே.

நம் மாநிலத்துச் ‘சக்தி’

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் உருவானது ‘சக்தி’ என்னும் நுண்செயலிக் குடும்பம். 2018-இல் அதன் முதல் சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் வார்க்கப்பட்டது. அதே ஆண்டில் மற்றொரு சில்லு சண்டிகரில், நம் நாட்டு ஆலையிலேயே வார்க்கப்பட்டது. 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பணிக்கான ‘ஐரிஸ்’ சில்லும் இக்குடும்பத்திலிருந்து வந்தது. இவை ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன.

இத்தொகுதியின் 32 பிட் வகையில் முகவரிக்கு 32 பிட் வேண்டும். அடிப்படைக் கட்டளையின் நீளமும் 32 பிட்தான். என்ன செய்ய வேண்டும், எந்தப் பதிவகத்தில் என்பவற்றுக்கும் கட்டளைக்குள் இடம் ஒதுக்க வேண்டுமே! ஆகவே முழு முகவரி ஒரு கட்டளைக்குள் அடங்காது. இதற்குக் கண்ட வழி, நம் அஞ்சல் எண்ணை ஒத்தது. 625531-இல் முதல் மூன்று இலக்கங்கள் மதுரையைச் சார்ந்த பெரும் பிரிவையும், கடைசி மூன்று தேனி அஞ்சலகத்தையும் குறிப்பன. அவ்வாறே முகவரியின் மேல் 20 பிட்டுகளை ஒரு கட்டளையும், கீழ் 12 பிட்டுகளை மற்றொரு கட்டளையும் தருகின்றன. முகவரி 80001234 என்றால், முதல் கட்டளை 80001 என்பதை மேற்பகுதியில் இடும். இரண்டாவது கட்டளை 234-ஐக் கூட்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கீழ் 12 பிட்டுகளைப் பொறி கூட்டல், கழித்தல் குறியோடு படிக்கும். அதன் எல்லை −2048 முதல் +2047 வரை. முகவரி 80001900 என்றால், 900 என்பது பத்தடிமானத்தில் 2304, எல்லையைக் கடந்துவிட்டது. அப்போது மேற்பகுதியில் 80002 என்று ஒன்று கூட்டி இட்டு, பிறகு 700-ஐக் கழிக்க வேண்டும். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பின்னோக்கி நடந்து வருவதைப் போன்றது இது. ‘எல்.ஏ.’ என்று எழுதிப் பெயரைக் கொடுத்தால் இவ்வேலையை அசெம்பிளரே செய்துவிடும். உள்ளே நடப்பதை அறிந்திருப்பது நமக்கு அழகு.

எல்லை மீறினால்

முகவரிப் பிழை கணக்கைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில், மோரிஸ் புழு என்று பின்னர் பெயர் பெற்ற ஒரு நிரல், இணையத்தில் இருந்த கணிப்பொறிகளுக்குள் புகுந்து பரவியது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று இது: ஒரு சேவை நிரலில், வரும் செய்தியை வைக்க 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள், செய்தியின் நீளத்தை அளந்து பார்க்கவில்லை. புழு 536 பைட் அனுப்பியது. மிகுந்தவை பக்கத்து வீடுகளில் போய் விழுந்தன. வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்னும் முகவரி அவ்வீடுகளில்தான் இருந்தது. அது மாற்றப்பட்டதும், பொறி புழு காட்டிய இடத்துக்குச் சென்று, புழுவின் கட்டளைகளையே நிறைவேற்றியது. மதகு அளவு பார்த்து நீர் விடாத கால்வாயில் கரை உடைந்தால், பக்கத்து வயல் மூழ்குவதை நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இக்காலச் செயலிகளில் பாதுகாப்பு வேலிகள் உண்டு. ஒரு நிரல் தனக்கு உரிய பகுதிக்கு வெளியே போனால் அவை தடுக்கும். ஆனால் தன் பகுதிக்குள்ளேயே ஒரு வீட்டுக்குப் பதில் இன்னொரு வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் தடுப்பதில்லை. எனவே, ஒவ்வொரு வரியையும் எழுதும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நாம் கொடுப்பது பொருளா? பொருள் இருக்கும் இடமா? இடம் எழுதிய சீட்டா? தாளின் ஓரத்தில் வீடுகளை வரைந்து, வெளியே எண்ணையும் உள்ளே பொருளையும் எழுதிக்கொண்டால் பாதிப் பிழைகள் பலகைக்கு வருமுன்பே அகன்றுவிடும்.

பயிற்சி

1. 4200-இல் 07, 4201-இல் 42 உள்ளன. எல்.எக்ஸ்.ஐ. எச், 4200 என்ற கட்டளைக்குப் பின் எச், எல் பதிவகங்களில் என்ன இருக்கும்? எல்.எச்.எல்.டி. 4200 என்றால் என்ன இருக்கும்?

2. திராட்சை நிரலில் ஐ.என்.எக்ஸ். எச் என்னும் வரியை விட்டுவிட்டால், மூன்று ஊர்களுக்கு விடை என்ன வரும்?

3. ரிஸ்க்-ஃபைவில் 80003800 என்னும் முகவரியை எவ்வாறு பிரிப்பீர்கள்?

விடைகள்: (1) முதலாவதில் 4200, இரண்டாவதில் 4207. (2) கூடலூரின் 2 மட்டுமே மூன்று முறை கூட்டப்படுவதால் 6. (3) மேற்பகுதியில் 80004 இட்டு, 800-ஐக் கழிக்க வேண்டும்.